நடுப்பலகையும் சுக்கானின் சமநிலையும்: பலகையை எப்போது தொடுவது?

மார்ச் 2, காலை (கேள்வி)

இருவர் ஓட்டும் சிறிய பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். நீளம் ஏறத்தாழ 4.5 மீட்டர். மெயின் பாய் (பெரிய முதன்மைப் பாய்), ஜிப் பாய் (அதற்கு முன்னால் உள்ள சிறிய பாய்) இரண்டும் உண்டு. படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் நீருக்குள் இறக்கும் நடுப்பலகை, ஓர் ஆணியில் சுழன்று மேலேறும் வகையைச் சேர்ந்தது. காற்று வலுத்தால் படகு காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கிறது. டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை) பிடித்திருக்கும் கை ஓய்ந்துவிடுகிறது. பலகையைப் பாதி தூக்கினால் இந்த வெதர் ஹெல்ம் போய்விடும் என்று பலரும் சொன்னதால் தூக்கிப் பார்த்தேன். டில்லர் இலேசானது உண்மை. ஆனால் படகு காற்றுக்கு எதிராக ஏறாமல் பக்கவாட்டில் நழுவத் தொடங்கியது. அப்படியானால் அந்த அறிவுரையே தவறா?

மார்ச் 2, இரவு

அறிவுரை தவறில்லை. ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யக் கூடாது, "பாதி" என்ற அளவும் மிக அதிகம்.

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பாய்களின் மேல் காற்று செலுத்தும் விசை முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொண்டால், அந்தப் புள்ளியை விசை மையம் எனலாம். நீருக்கடியில் படகின் உடலும் நடுப்பலகையும் சுக்கானும் சேர்ந்து பக்கவாட்டு நழுவலை எதிர்க்கின்றன. அந்த எதிர்விசைக்கும் அதேபோல் ஓர் எதிர்ப்பு மையம் உண்டு. விசை மையம் எதிர்ப்பு மையத்துக்குப் பின்னால் விழுந்தால் படகின் பின்பகுதி தள்ளப்பட்டு அணியம் (படகின் முன்முனை) காற்றை நோக்கித் திரும்பும். இது வெதர் ஹெல்ம். முன்னால் விழுந்தால் அணியம் காற்றை விட்டு விலகும். இது லீ ஹெல்ம். உங்கள் பலகையின் ஆணி அதன் முன் மேல் மூலையில் இருக்கிறது. ஆகவே பலகை மேலேறும்போதே பின்னாலும் நகர்கிறது, எதிர்ப்பு மையத்தையும் தன்னோடு பின்னுக்குக் கொண்டுபோகிறது, வெதர் ஹெல்ம் குறைகிறது.

இங்கே ஒரே கயிற்றை இழுத்து இரண்டு காரியங்களைச் செய்கிறோம் என்பதுதான் சிக்கல். எதிர்ப்பு மையம் பின்னால் போவது ஒன்று. பலகையின் ஆழம் குறைவது மற்றொன்று. நமக்கு வேண்டியது முதலாவது. உங்கள் படகு நழுவியது இரண்டாவதால்.

மார்ச் 3

அளவுகளோடு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆணியிலிருந்து நுனி வரை 1 மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆணி படகின் அடிமட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். பலகை செங்குத்தாக இருக்கும்போது 80 சென்டிமீட்டர் நீரில் நிற்கும். அதன் நடு, ஆணியிலிருந்து 60 சென்டிமீட்டர் கீழே இருக்கும்.

15 பாகை தூக்கினால் அந்த நடு சுமார் 15 சென்டிமீட்டர் பின்னால் போகிறது. ஆழமோ 80இலிருந்து 77 சென்டிமீட்டராக மட்டுமே குறைகிறது. 30 பாகை தூக்கினால் 30 சென்டிமீட்டர் பின்னால் போகிறது, ஆழம் 67 ஆகிறது. 45 பாகையில் 42 சென்டிமீட்டர் பின்னால் போகிறது, ஆழம் 51ஆக இறங்கிவிடுகிறது.

முதல் 15 பாகையில் 15 சென்டிமீட்டர் நகர்வுக்கு 3 சென்டிமீட்டர் ஆழத்தை மட்டுமே விலையாகக் கொடுக்கிறோம். 30இலிருந்து 45க்குப் போகும் கடைசி 15 பாகையில் 12 சென்டிமீட்டர் நகர்வுக்கு 16 சென்டிமீட்டர் ஆழத்தைக் கொடுக்கிறோம். ஒரே அளவு கயிறு, ஆனால் பேரம் முற்றிலும் வேறு. பலகையால் சமநிலையைத் திருத்த நினைப்பவர்களுக்கு முதல் 15 பாகையே களம். அதற்கு மேல் போனால் சமநிலைக்காகத் தூக்குகிறோம் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

மார்ச் 3, சற்றுப் பின்னர்

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. சுக்கானின் அலகு முழுவதும் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? மடக்கி ஏற்றும் சுக்கான் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கைக்குத் தெரியும் கனம் வேறு, படகின் சமநிலை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் இந்தப் பொருளைப் பற்றிய பேச்சில் பாதி குழப்பம் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். சுக்கான் அலகின் மேல் நீர் தரும் விசை, அலகின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு தூரத்தில் செயல்படுகிறது. அந்த இடம் சுக்கானின் சுழல் அச்சுக்குப் பின்னால் 4 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அலகை இறக்கிப் பிடிக்கும் கயிறு தளர்ந்து, அலகு 20 பாகை பின்னால் சாய்ந்துவிட்டால், மடக்கும் ஆணியிலிருந்து 40 சென்டிமீட்டர் கீழே இருந்த மையம் மேலும் 14 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். 4 சென்டிமீட்டராக இருந்த நெம்புதூரம் 18 ஆகிவிடும். அதே சமநிலை, அதே சுக்கான் கோணம், ஆனால் கையில் நான்கு மடங்குக்கு மேல் கனம்.

அலகு பின்னால் சாயும்போது எதிர்ப்பு மையமும் சிறிது பின்னால் போவதால், உண்மையான வெதர் ஹெல்ம் ஒரு துளி குறையவே செய்கிறது. கையோ அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

இதன் மறுபுறமும் உண்டு. அலகின் ஒரு பகுதி அச்சுக்கு முன்னால் நீண்டிருக்கும்படி அமைத்த சுக்கான்களில், எவ்வளவு வெதர் ஹெல்ம் இருந்தாலும் டில்லர் பட்டுப்போல் இருக்கும். சுக்கான் 12 பாகை திரும்பி நீரை இழுத்துக்கொண்டு வந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது.

ஆகவே கையை நம்பாமல் கோணத்தைப் பாருங்கள். டில்லரின் நீளம் 90 சென்டிமீட்டர் என்றால், நுனி நடுக்கோட்டிலிருந்து 6 சென்டிமீட்டர் காற்று வரும் பக்கம் இருந்தால் சுக்கான் 4 பாகை திரும்பியிருக்கிறது. காற்றை நெருங்கி ஓடும்போது 3 முதல் 5 பாகை வரை இருப்பது நல்லது. 10ஐத் தாண்டினால் அது தடையாகவே மாறிவிடும்.

மார்ச் 5

வெதர் ஹெல்மை முற்றிலும் நீக்கிச் சுழியாக்கிவிட்டால் (பூச்சியமாக்கிவிட்டால்) என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுழி வேண்டாம் என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று பாதுகாப்பு. டில்லர் கையை விட்டு நழுவினால், சிறிது வெதர் ஹெல்ம் உள்ள படகு காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடக்க நின்றுவிடும். லீ ஹெல்ம் உள்ள படகு காற்றை விட்டு விலகி, வேகம் பிடித்து, பாய் மறுபக்கம் அடித்துத் திரும்பும் நிலைக்குப் போகும். சுழியில் இருக்கும் படகு ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் இந்த இரண்டில் எதைச் செய்யும் என்று சொல்ல முடியாது.

மற்றொன்று வேகம். சுக்கான் வெறுமனே திசை திருப்பும் கருவியன்று. நழுவலை எதிர்க்கும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. காற்று வரும் பக்கமாக டில்லரைச் சிறிது இழுத்து வைத்திருக்கும்போது, சுக்கானும் நடுப்பலகையோடு சேர்ந்து படகைக் காற்றின் மேல் பக்கம் தூக்கிக் கொடுக்கிறது.

மார்ச் 5, இரவு

சாய்வைப் பற்றி எழுதாமல் பலகையைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டே போவது சரியன்று.

படகு சாய்ந்தால் பாயின் விசை மையம் படகின் நடுக்கோட்டை விட்டு வெளியே, காற்று போகும் பக்கம் தள்ளிப் போகிறது. பாய் முன்னோக்கித் தரும் உந்துதல் இப்போது ஓரமாக நின்று தள்ளுகிறது. ஒரு பக்கத் துடுப்பை மட்டும் வலித்தால் படகு மறுபக்கம் திரும்புவதைப் போல, அணியம் காற்றை நோக்கித் திரும்புகிறது. சாய்ந்த உடலின் நீர்க்கோடு இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததும் அதே திசையில் திருப்புகிறது.

எவ்வளவு என்று பார்ப்போம். பாய் 100 நியூட்டன் முன்னோக்கியும் 300 நியூட்டன் பக்கவாட்டிலும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாயின் மையத்துக்கும் பலகையின் மையத்துக்கும் இடையே உயரம் 2.5 மீட்டர். 20 பாகை சாய்வில் அந்த முன்னுந்துதல் 86 சென்டிமீட்டர் ஓரமாக நிற்கிறது. திருப்புவிசை 86 நியூட்டன்-மீட்டர். 5 பாகைக்கு நிமிர்த்தினால் அது 22தான். நிமிர்த்தியதால் மட்டும் 64 போய்விட்டது.

பலகையை 15 பாகை தூக்கினால்? பக்க விசையில் மூன்றில் இரண்டு பங்கைப் பலகை தாங்குவதாகக் கொண்டால், 200 நியூட்டன், 15 சென்டிமீட்டர்: 30 நியூட்டன்-மீட்டர். படகை நிமிர்த்துவது பலகையைத் தூக்குவதைப்போல் இரண்டு மடங்கு வேலை செய்கிறது. அதற்காக நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை, வயிற்றுத் தசை வலி தவிர.

என் படகில் நான் கடைப்பிடிக்கும் வரிசை இதனால்தான் வந்தது. முதலில் படகை நிமிர்த்துகிறோம்: இருவரும் வெளியே சாய்ந்து உட்கார்கிறோம். போதாவிட்டால் மெயின் பாயைத் தட்டையாக்குகிறோம்: கன்னிங்ஹாமை (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிற்றை) இறுக்கினால் பாயின் குழிவு முன்னால் வருகிறது, அதனோடு விசை மையமும் முன்னால் வருகிறது. பிறகு மெயின் பாய்க்கயிற்றைச் சிறிது விடுகிறோம். இவ்வளவுக்கும் பிறகு டில்லர் நுனி இன்னும் தள்ளி நின்றால்தான் பலகையின் கயிற்றைத் தொடுகிறேன். பழைய மெயின் பாயை மாற்றிப் புதியதைப் போட்டபோது, அதே காற்றில் பலகையைத் தொட வேண்டிய தேவையே வெகுவாகக் குறைந்தது. துணி தொய்ந்த பாயின் குழிவு பின்னால் போய்விடுகிறது. அதன் விளைவைப் பலகையின் தலையில் சுமத்துகிறோம்.

மார்ச் 9 (கேள்வி கேட்டவர்)

சுக்கான் அலகு முழுவதும் இறங்கியே இருக்கிறது. ஆணி வைத்துப் பூட்டும் வகை. டில்லரின் நீளம் 90 சென்டிமீட்டர். வலுத்த காற்றில் நுனி நடுக்கோட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி நின்றது. படகை நிமிர்த்தி மெயின் பாயைத் தட்டையாக்கிய பிறகு 8 ஆனது. பலகையைச் சிறிது மட்டும் தூக்கியதும் 6க்கு வந்தது. நழுவலும் முன்போல் தெரியவில்லை.

மார்ச் 9, இரவு

மிகவும் பயனுள்ள அளவீடு. 15 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 9.5 பாகை, உங்கள் கை பொய் சொல்லவில்லை, உண்மையாகவே படகு சமநிலை இழந்திருந்தது. அதில் பெரும்பகுதியைச் சாய்வும் பாயும் வைத்திருந்தன. பலகையின் பங்கு கடைசி 2 சென்டிமீட்டர்தான். 6 சென்டிமீட்டரிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் 10

மேல்கீழாகச் செருகும் பலகை உள்ள படகுகளுக்கும் இது பொருந்துமா என்று கேட்டவருக்கு: நேரடியாகப் பொருந்தாது. டேகர்போர்டு நேர் மேலே போகிறது; பின்னால் நகர்வதில்லை. இப்போது ஐஎல்சிஏ என்று வழங்கும் லேசர் படகில் வலுத்த காற்றில் பலகையைச் சில சென்டிமீட்டர் உயர்த்துபவர்கள், நேரடியாகச் சமநிலையை நகர்த்தவில்லை. எதிர்ப்பின் ஆழத்தையும் பரப்பையும் குறைக்கிறார்கள். வீச்சு தாக்கும்போது படகு முழுவதுமாகச் சாய்வதற்குப் பதில் ஓரளவு நழுவி அதை விட்டுக்கொடுக்கிறது. சாய்வு குறைவதால் வெதர் ஹெல்ம் குறைகிறது.

பலகையின் பங்கு குறையும்போது சுக்கானின் பங்கு கூடுவதால், மொத்த எதிர்ப்பு மையம் சிறிது பின்னால் போகத்தான் செய்கிறது. ஆனால் அது உயர்த்தியதன் பக்கவிளைவு.

துவாரம் பலகையின் அகலத்தைவிடச் சற்று நீளமாக இருக்கும் படகுகளில், முன்னோ பின்னோ ஒரு துண்டு ரப்பரை வைத்துப் பலகையின் நுனியைச் சிறிது முன்னும் பின்னும் சாய்க்கலாம். அது உண்மையான சமநிலைத் திருத்தம். போட்டிக்குப் போகிறவர்கள் தங்கள் வகுப்பின் விதிகள் அதை அனுமதிக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 12

மார்ச் 3ஆம் தேதிக் குறிப்பில் ஆழத்தைச் சொல்லிவிட்டு, ஆழம் குறைவதால் என்ன ஆகிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். அதை இப்போது சேர்க்கிறேன்.

பலகை என்பது நீருக்குள் நிற்கும் ஓர் இறக்கை. இறக்கை பக்க விசையை உண்டாக்கும்போது நுனியைச் சுற்றி நீர் சுழன்று ஒரு இழுவையைத் தருகிறது. அதே வேகத்தில், அதே பக்க விசைக்கு, இந்த இழுவை ஆழத்தின் இருமடிக்குத் தலைகீழாக மாறுகிறது. 80 சென்டிமீட்டர் 77 ஆனால் இழுவை 8 அல்லது 9 விழுக்காடு கூடும். 67 ஆனால் 43 விழுக்காடு. 51 ஆனால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இதைத்தான் நீங்கள் முதல் நாள் படகு காற்றுக்கு எதிராக ஏறவில்லை என்று எழுதினீர்கள். பரப்பு என்னவோ 45 பாகையிலும் பத்தில் ஒரு பங்குதான் பலகை மேலேறி நுழையும் பெட்டிக்குள் போகிறது. காணாமல் போனது பரப்பன்று, ஆழம்.

அந்தக் குறிப்பின் பின்னகர்வு அளவுகளையும் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும். பலகை மேலேறும்போது ஆணிக்கு அருகில் உள்ள பகுதி பெட்டிக்குள் மறைவதால், நீரில் மிஞ்சும் பகுதியின் நடு நுனியை நோக்கி நகர்கிறது. 45 பாகையில் 42 என்று எழுதியது 45 சென்டிமீட்டராகும். 15 பாகையில் வேறுபாடு பொருட்படுத்த வேண்டியதன்று.

வேகமும் இதில் சேர்கிறது. இறக்கையின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகு 5 நாட் வேகத்துக்குப் போனால், அதே விசைக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவான பரப்பே போதும். வலுத்த காற்றில் பலகையைச் சிறிது தூக்க முடிவது இதனால்தான். மெல்லிய காற்றில், அல்லது திசை மாற்றித் திரும்பிய உடனே வேகமில்லாமல் நிற்கும்போது, பலகை முழுவதும் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் படகு முன்னால் போவதற்குமுன் பக்கவாட்டில் போய்விடும்.

மார்ச் 13

படகின் பக்கத்தோற்றத்தை அட்டையில் வெட்டி, ஊசியின் மேல் நிறுத்தி, எதிர்ப்பு மையத்தைக் கண்டுபிடிக்கும் பழைய முறையைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது. அந்த முறை ஒரு படகை இன்னொரு படகோடு ஒப்பிட உதவும். நீரில் உண்மையாக நடப்பதைக் காட்டாது.

அட்டையில் பலகையின் மையம் அதன் அகலத்தின் நடுவில் விழும். நீரில் அது முன்விளிம்பிலிருந்து கால் பங்கு தூரத்தில் இருக்கும். மேலும் நீண்ட உடல் ஒன்று சிறிது கோணலாக நகரும்போது, அந்த உடலே தன்னைக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளப் பார்க்கும். வான்கப்பல்களுக்காக மேக்ஸ் மங்க் 1920களில் கணக்கிட்டுக் காட்டிய இந்த விளைவு, படகின் உடலுக்கும் பொருந்தும். இரண்டும் சேர்ந்து உண்மையான எதிர்ப்பு மையத்தை அட்டை காட்டுவதைவிட முன்னால் தள்ளுகின்றன. அதனோடு சாய்வு தரும் திருப்புவிசையும் இருக்கிறது. ஆகவேதான் வடிவமைப்பவர்கள் வரைபடத்தில் பாயின் மையத்தை எதிர்ப்பு மையத்துக்கு முன்னால் வைக்கிறார்கள்; நீர்க்கோட்டு நீளத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை என்பது பழைய வழக்கம். வரைபடத்தைப் பார்த்தால் லீ ஹெல்ம் வரும்போல் தோன்றும். நீரில் இறக்கினால் சிறிய, நல்ல வெதர் ஹெல்ம் வரும்.

மார்ச் 16

பலகையால் சமநிலையை மாற்றுவது புதிய எண்ணமன்று. ஜான் ஷாங்க் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1774இல் பாஸ்டனில் நழுவும் பலகை வைத்த படகு ஒன்றைக் கட்டினார். பிற்பாடு அவருடைய முறைப்படி கட்டப்பட்ட லேடி நெல்சன் என்ற சிறிய கப்பலுக்கு, நடுக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பலகைகள் இருந்தன. 1800இல் அது ஆஸ்திரேலியக் கரைகளை அளக்கப் போனது. மூன்று பலகைகள் இருந்தால் முன்பலகையை இறக்கிப் பின்பலகையைத் தூக்கி எதிர்ப்பு மையத்தை முன்னால் கொண்டுவரலாம், மாற்றியும் செய்யலாம். ஆழமும் சமநிலையும் தனித்தனிக் கயிறுகளுக்குப் போய்விடுகின்றன. நம் ஒற்றைப் பலகையில் கிடைக்காத வசதி அது.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், எக்வடோர், பெரு பகுதிகளில், பால்சா மரத் தெப்பங்களை ஓட்டியவர்கள் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். குவாரா என்னும் செருகுபலகைகளை மரங்களுக்கிடையே இறக்கியும் ஏற்றியுமே அவர்கள் தெப்பத்தைத் திருப்பினார்கள். முன்பலகையை இறக்கினால் தெப்பம் காற்றை நோக்கித் திரும்பும். பின்பலகையை இறக்கினால் விலகும். சுக்கானே இல்லாமல் ஒரு தெப்பத்தைக் காற்றுக்கு எதிராக ஏற்ற இது போதுமானதாக இருந்தது. எதிர்ப்பு மையத்தை நகர்த்துவதன் வலிமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

மார்ச் 17

இதுவரை எழுதியதெல்லாம் காற்றை நெருங்கி ஓடும்போது. பக்கக் காற்றில் கணக்கு மாறுகிறது.

பக்கக் காற்றில் பக்க விசை குறைந்து உந்துதல் கூடுகிறது. பலகையை 45 பாகை தூக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆழத்தின் தேவை குறைந்துவிட்டது. வீச்சில் படகு காற்றை நோக்கிப் பாய்ந்து புரளப் பார்க்கும் அந்தக் கணத்தில், ஆழமான பலகை படகின் காலைத் தட்டிவிடும். பாதி தூக்கிய பலகை படகை நழுவ விட்டு நிமிர்த்தும்.

பின்காற்றில் மெயின் பாய் முழுவதும் வெளியே நிற்பதால் உந்துதலும் ஓரமாக நின்று அணியத்தைத் திருப்பப் பார்க்கும். இதைப் பலகையால் தீர்க்க முயல வேண்டாம். படகைக் காற்று வரும் பக்கமாகச் சிறிது சாய்த்தால் பாயின் மையம் நடுக்கோட்டுக்கு மேல் வந்துவிடும். டில்லர் நடுவில் நிற்கும். பலகையை முழுவதும் ஏற்றிவிடாமல் கால் பங்காவது நீரில் விட்டு வைப்பது என் வழக்கம். இல்லையென்றால் படகு இருபக்கமும் உருளத் தொடங்கும். அந்த உருளலை அடக்க வேறு ஒன்றும் இருக்காது.

மார்ச் 21

எடையுள்ள கீல், அதாவது படகின் அடியில் பொருத்திய கனமான பலகை, வைத்த படகில் என்ன செய்வது என்ற கேள்விக்கு.

நிலையான கீலை நகர்த்த முடியாது. எனவே பாயின் மையத்தைத்தான் நகர்த்த வேண்டும்: பாய்மரத்தின் பின்சாய்வைக் குறைத்தால் வெதர் ஹெல்ம் குறையும், மெயின் பாயைச் சுருக்கினாலும் குறையும். ஜிப் பாயை மட்டும் இறக்கிவிட்டு மெயின் பாயை முழுவதும் வைத்திருந்தால் கூடும். ஆட்கள் முன்னால் போய் உட்கார்ந்தால் அணியம் ஆழமாக இறங்கி எதிர்ப்பு மையம் முன்னால் வரும். வெதர் ஹெல்ம் கூடும். பின்னால் வந்தால் குறையும்.

சுழன்று ஏறும் எடைக் கீல் உள்ள படகுகள் வேறு. அதையும் தூக்கினால் எதிர்ப்பு மையம் பின்னால் போகும், சமநிலை மாறும். ஆனால் அந்தக் கீல்தான் படகைக் கவிழாமல் நிமிர்த்தும் எடையும். அதை உயர்த்தினால் எடையின் மையம் உயர்கிறது. படகு அதிகம் சாயும். சாய்ந்தால் வெதர் ஹெல்ம் திரும்ப வரும். வலுத்த காற்றில் சமநிலைக்காக எடைக் கீலைத் தூக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதை முழுவதும் இறக்கிப் பூட்டிவிட்டுப் பாயைச் சுருக்குங்கள்.

மார்ச் 23

பின்சாய்வு என்று எழுதியதும் இரண்டு பேர் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள்: 470, 505 போன்ற போட்டிப் படகுகளில் காற்று வலுக்க வலுக்கப் பாய்மரத்தைப் பின்னால்தானே சாய்க்கிறார்கள், அது வெதர் ஹெல்மைக் கூட்டாதா என்று.

கூட்டும், அதை மட்டும் செய்தால். அந்தப் படகுகளில் பின்சாய்வோடு பலகையையும் தூக்குகிறார்கள். பாய்மரம் பின்னால் சாய்ந்தால் பாயின் மையம் தாழ்ந்து பின்னால் போகிறது, மேல்பகுதியில் பாய் திறந்து காற்றை விடுகிறது. பலகை மேலேறினால் எதிர்ப்பு மையமும் பின்னால் போகிறது. இரண்டு மையங்களும் சேர்ந்தே பின்னால் போவதால் டில்லர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடையேயான உயரமும் குறைவதால் சாய்வுவிசை குறைகிறது. பலகையைச் சமநிலைக் கருவி என்று சொல்வதைவிட, பாய்மரத்தின் சாய்வோடு பிணைந்த கருவி என்று சொல்வதே சரி எனத் தோன்றுகிறது. என் படகில் பாய்மரத்தை ஓட்டத்தின் நடுவே சாய்க்க முடியாது. ஆகவே நான் பலகையைக் குறைவாகவே தூக்குகிறேன். உங்கள் படகில் முடியும் என்றால் என் 15 பாகை உங்களைக் கட்டுப்படுத்தாது.

மார்ச் 28

15 பாகையை ஓட்டத்தின் நடுவே எப்படித் தெரிந்துகொள்வது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். படகு கரையில் பக்கவாட்டில் கிடக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். பலகையை முழுவதும் இறக்கி, ஆணியிலிருந்து நுனிக்கு ஒரு நேர்கோட்டை மனத்தில் கொள்ளுங்கள். 1 மீட்டர் பலகையில் நுனி தன் பழைய இடத்திலிருந்து நேர்த்தூரத்தில் 26 சென்டிமீட்டர் நகர்ந்தால் 15 பாகை. 52 சென்டிமீட்டர் நகர்ந்தால் 30 பாகை. ஒவ்வொரு நிலையிலும், தூக்கும் கயிறு பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில், கயிற்றின் மேல் வெவ்வேறு நிற நூலைச் சுற்றித் தைத்துவிடுங்கள். பேனா அடையாளம் நீரில் நிற்காது.

பலகை அந்த நிலையிலேயே நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். எடையில்லாத மரப் பலகை என்றால் மேலே மிதந்துவிடப் பார்க்கும். வேகத்தில் நீரும் அதைப் பின்னால் தள்ளும். தூக்கும் கயிற்றைப் போலவே இறக்கிப் பிடிக்கும் கயிறும் இருந்து, இரண்டையும் பூட்டினால்தான் அடையாளங்களுக்குப் பொருள் இருக்கும். பெட்டியின் பக்கச் சுவர்களில் பலகை தளர்வாக ஆடினால் மெல்லிய பட்டைகளை ஒட்டி இறுக்குங்கள்; பெட்டியின் வாயில் உள்ள ரப்பர் பட்டைகள் கிழிந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். ஆடும் பலகை ஒவ்வொரு அலைக்கும் கோணத்தை மாற்றிக்கொண்டிருக்கும், டில்லர் நுனியை அளந்து பார்ப்பதில் பயனிருக்காது.